பெரிய கிராணி முராகி

படித்துறைப் பராமரிப்பு இலாகாவின் பினாங்குக் கிளையில் வேலை நாலேகால் மணிக்கு முடியும். நாலு பதினாறுக்கு அம்பிகைபாகன் படியிறங்கிவிடுவார். பதினெட்டு வருஷ சர்வீஸில் அவர் நாலு பதினாலுக்கே கிளம்பினார் என்று குறை சொல்ல ஆளில்லை. நாலு இருபதுக்கு அவரைக் கட்டடத்தில் பார்த்தேன் என்று சொல்லவும் ஆளில்லை. பஸ் பிடித்து, கிரீன் லேனில் இறங்கி, வாசலில் சப்பாத்தைக் கழற்றி இடம் வலம் மாறாமல் வைத்து, முகம் கழுவி, சரியாக ஐந்து மணிக்குத் தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் உட்காருவார். மடியில் நோட்டுப் புத்தகம், காதில் பென்சில்.

ஐந்து மணிக்கு ஜப்பான் கார்ட்டூன் போடுவார்கள்.

வயது நாற்பத்தாறு. ஒரே மகளைக் கட்டிக்கொடுத்து ஈப்போவுக்கு அனுப்பி இரண்டு வருஷமாகிறது. பிள்ளை பார்க்கிறது, நானும் சும்மா எட்டிப் பார்க்கிறேன் என்று சொல்லித் தப்பிக்க வீட்டில் பிள்ளை கிடையாது. அதனால் அந்த நேரத்தில் யாராவது வந்துவிட்டால், மலாய் மொழியறிவை விருத்தி செய்துகொண்டிருப்பதாகச் சொல்வார். கார்ட்டூன் மலாயில்தான் பேசியது, அதில் பொய்யில்லை. ஆனால் அரசாங்க மலாய்ப் பரீட்சையில் அவர் பதின்மூன்று வருஷத்துக்கு முன்பே முதல் தரத்தில் தேறியிருந்தார். அது வந்தவர்களின் ஞாபகத்துக்கு வருமுன் தேத்தண்ணீர் வந்துவிடும்படி பார்த்துக்கொள்வார்.

அம்பிகைபாகன் படித்தது சுங்கை பாக்காப்பில். அந்தச் சின்னப் பள்ளிக்கூடத்தில் அவருக்குப் பிடிபட்ட பாடம் ஒன்றே ஒன்று, கடிதம் எழுதுவது. ஓரம் விட வேண்டும், விஷயத்தை எழுதி அடிக்கோடு போட வேண்டும், பத்திக்குப் பத்தி எண் இட வேண்டும், நகல் வைத்துக்கொள்ள வேண்டும். கலியாணத்துக்கு முன் செல்வநாயகிக்கு அவர் எழுதிய ஒரே கடிதத்திலும் பத்திகளுக்கு எண் இருந்தது. "மேலே இரண்டாம் பத்தியில் குறிப்பிட்டதற்கிணங்க, தங்கள் நலமறிய ஆவல்" என்ற வரியை அவள் இன்றைக்கும் சொந்தக்காரர் முன்னிலையில் ஒப்பித்துக் காட்டுவாள்.

இப்படிப்பட்ட மனிதர் ஒரு கார்ட்டூனைப் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது, நன்றாக இல்லை என்று சொல்லி எழுந்து போய்விடுவாரா? மாட்டார். ஒவ்வொரு தொடரிலிருந்தும் ஒருவரையோ இருவரையோ தேர்ந்தெடுத்து, வருஷக் கடைசியில் அவர்களைப் பற்றி இரகசிய மதிப்பீட்டு அறிக்கை எழுதுவார். அரசாங்க ஊழியர் ஒவ்வொருவரைப் பற்றியும் மேலிடத்துக்குப் போகுமே, அதே அறிக்கைதான். படிவமும் அதே படிவம்தான். இலாகா இரண்டு வருஷத்துக்கு முன்பு படிவத்தை மாற்றியபோது, பினாங்குக் கிளை முத்திரை குத்தி வைத்திருந்த பழைய கட்டுகளைக் கொளுத்தச் சொல்லி உத்தரவு வந்தது. ஒரு கட்டைக் கொளுத்தினார். இரண்டாவது கட்டைக் கொளுத்தப் போனபோது காற்று பலமாக அடித்ததால் வீட்டுக்குக் கொண்டுபோனார்.

படிவத்தில் ஐந்து தலைப்பு. நேரந்தவறாமை, கீழ்ப்படிதல், எழுத்துத் திறன், பொறுப்புணர்வு, சக ஊழியருடன் பழகும் முறை. ஒவ்வொன்றுக்கும் இருபது மதிப்பெண்.

'எஃகு மாவீரன்' என்ற தொடரில் ஐந்து பேர் ஐந்து வண்டியில் வந்து, வண்டிகளை ஒன்றோடொன்று பூட்டி ஒரு பெரிய இரும்பு மனிதனாக்கி, வேற்றுக்கிரகத்து ராட்சசனோடு சண்டை போடுவார்கள். தலைவன் பெயர் ரென்ஜி. பினாங்கில் இருந்த பிள்ளைகளெல்லாம் ரென்ஜி மாதிரி கையை நீட்டிக்கொண்டு ஓடின. அம்பிகைபாகன் எழுதினார்:

"1. ஊர் எரிந்துகொண்டிருக்கையில் வண்டி பூட்ட வாராவாரம் இரண்டரை நிமிஷம் எடுத்துக்கொள்கிறார். இருபது வாரத்துக்கு மேலாகியும் இந்நேரம் குறையவில்லை. 2. ஆயுதத்தைப் பிரயோகிக்குமுன் அதன் பெயரை எதிரிக்குக் கேட்கும்படி கூவுகிறார். இது அரசாங்க இரகசியத்தை வெளியிடுவதாகும். 3. உடைந்த கட்டடங்கள் குறித்து இன்றுவரை ஒரு வரி எழுதிச் சமர்ப்பிக்கவில்லை. மொத்தம்: முப்பத்திரண்டு."

எழுத்துத் திறனில் ரென்ஜிக்குப் பூஜ்யம் விழுந்திருந்தது.

'பனிநாட்டு எல்சி' குளிர் தேசத்தில் ரொட்டி வண்டி தள்ளும் அநாதைப் பெண்ணின் கதை. அவளுக்கு வருகைப் பதிவு பிரமாதம். பனி கொட்டினாலும் வண்டியோடு வந்துவிடுவாள். ஆனால் "வேலை நேரத்தில் அழுகிறார். தன் ரொட்டியைத் திருடியவனையே கூப்பிட்டு இன்னொரு ரொட்டி கொடுக்கிறார். தங்கமான குணம், களஞ்சியப் பொறுப்புக்கு உகந்தவரல்லர்." அறுபத்தாறு.

'மின்னல் மட்டை' பூப்பந்துக் கதை. அதில் ஹயாதே என்ற ஆட்டக்காரன் ஒரு செவ்வாய்க்கிழமை அடித்த பந்து அடுத்த செவ்வாய்க்கிழமைதான் எதிர்ப்பக்கம் விழும். நடுவில் பந்து ஆகாயத்தில் நிற்க, அவனுக்குத் தன் அம்மா, வாத்தியார், செத்துப்போன நாய் எல்லாம் ஞாபகத்துக்கு வரும். பினாங்கில் பூப்பந்து தெரியாத வீடு உண்டா? அம்பிகைபாகனுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "வேலை நேரத்தில் சொந்த விஷயங்களை நினைத்துக்கொண்டு நிற்கிறார். இதற்கென விடுமுறை விண்ணப்பம் எதுவும் கொடுக்கவில்லை." நாற்பது. விண்மீன்களுக்கு நடுவே கப்பலோட்டும் கிழக் கேப்டன் ஒருவன், தலைமையகத்திலிருந்து வரும் எந்தச் செய்திக்கும் பதில் அனுப்பாமல் கோப்பையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பான். அவனுக்கு இருபத்தொன்பது.

கடைசிப் படிவம் முராகிக்கு.

முராகி 'எஃகு மாவீர'னில் வரும் வேற்றுக்கிரகத்து ராஜாவின் செயலாளன். தரையில் இழுபடும் கறுப்பு மேலங்கியும் மெல்லிய மீசையுமாக இருப்பான். உலகத்தை எப்படிப் பிடிப்பது என்று வாராவாரம் ஒரு புதுத் திட்டத்தை எழுதி, சுருட்டி, நாடா கட்டி, ராஜாவின் காலடியில் வைப்பான். ராஜா அதை வாசிப்பதே இல்லை. பாதித் திட்டத்தை நிறைவேற்றித் தோற்றுப்போய், வந்து முராகியைத் திட்டுவான். முராகி தலை குனிந்து கேட்டுக்கொள்வான். அடுத்த வாரம் சரியான நேரத்துக்கு, வேறு நாடா கட்டிய வேறு சுருளோடு வந்து நிற்பான்.

"இஞ்சேருங்கோ, தேத்தண்ணி ஆறுது" என்பாள் செல்வநாயகி.

"சத்தம் போடாதையும். முராகி அறிக்கை வாசிக்கிறான்."

"உங்கட முராகியும் நீங்களும்! அவனைத் திட்ட அங்க ஒரு ராசா எண்டாலும் இருக்கிறான். உங்களைத் திட்ட நான் ஒருத்திதானே?"

"எனக்கும் ஆபீசில இருக்கினம்."

முராகிக்குத் தொண்ணூற்றெட்டு போட்டார். மேலங்கி தரையில் இழுபடுவதற்காக இரண்டு குறைத்தார். "ஜப்பான்காரர் உண்டாக்கிய அத்தனை பேரிலும் முறையாக வேலை செய்பவர் இவர் ஒருவரே. தலைமைப் பொறுப்புக்கு முற்றிலும் தகுதியானவர்" என்று எழுதி முடித்தபோது, சொந்தத் தம்பிக்கு நற்சாட்சி கொடுத்த மாதிரி இருந்தது அவருக்கு.

அலுவலகத்தில் அவர் தயாரித்த அறிக்கைகளின் கதை வேறு. கிளைத் தலைவர் என்சிக் இப்ராஹிம், அதாவது இப்ராஹிம் ஐயா, நல்ல மனிதர். யாருடைய மனசும் நோகக் கூடாது அவருக்கு. டிசம்பர் வந்தால் அம்பிகைபாகனைக் கூப்பிட்டு, "எல்லாருக்கும் எண்பது போட்டுவிடுங்கள் லா. உங்களுக்கு மட்டும் எண்பத்தொன்று. எதற்கு வம்பு?" என்பார். மத்தியானத்துக்கு மேல் மேசையில் தலை வைத்துத் தூங்குகிறவனுக்கும் எண்பது, அவன் வேலையையும் சேர்த்துச் செய்கிறவனுக்கும் எண்பது. பதினெட்டு வருஷமாக அம்பிகைபாகன் எண்பது எண்பதாகத் தட்டச்சு செய்திருக்கிறார். நிஜமான மதிப்பெண் என்று அவர் கையால் விழுந்ததெல்லாம் ஐந்து மணிக்கு மேல், கார்ட்டூன்காரர்களுக்குத்தான்.

எண்பத்தைந்தாம் வருஷத்து டிசம்பரில் அந்த எண்பத்தொன்று மிகவும் முக்கியமாகிவிட்டது. கிளையின் தலைமை எழுத்தரான பெரிய கிராணி கார்த்திகேசு மார்ச் மாதம் ஓய்வு பெறுகிறார். அந்த நாற்காலிக்கு அம்பிகைபாகன் பதினொரு வருஷமாகக் காத்திருக்கிறார். செல்வநாயகி அவ்வளவு காத்திருக்கவில்லை. கோயிலில் நல்லம்மா அக்காவைக் கண்டதும், "இவர் பெரிய கிராணி ஆகிட்டார் எண்டு வைச்சுக்கொள்ளுங்கோவன்" என்று சொல்லிவிட்டாள். நல்லம்மாவிடம் சொன்னால் தீவு முழுக்கச் சொன்ன மாதிரி; மகளின் மாமியார் ஈப்போவிலிருந்து வாழ்த்துக் கடிதம் போட்டுவிட்டாள்.

அந்த டிசம்பரின் கடைசிச் சனிக்கிழமை. வீட்டுத் தட்டச்சு இயந்திரத்தின் நாடா மங்கிவிட்டதால், கார்ட்டூன் அறிக்கைகளைத் திருத்தமாக அடிக்கலாம் என்று அலுவலகத்துக்குக் கொண்டுவந்திருந்தார். பத்து மணி இடைவேளையில் ஐந்தையும் அடித்து முடித்து, பழக்கதோஷத்தில் பழுப்பு உறையில் போட்டு, 'சூலிட்' என்ற சிவப்புச் சீட்டை ஒட்டினார். சூலிட் என்றால் இரகசியம். பக்கத்திலேயே அலுவலகத்தின் ஒன்பது பேருடைய அறிக்கைகள் இருந்த உறையும் அதே சீட்டோடு கிடந்தது. அவர் கைகழுவி, தேத்தண்ணீர் குடித்து வரப் போனார்.

திரும்பி வந்தபோது மேசை காலியாக இருந்தது.

"ஜெயராஜ்! இஞ்ச கிடந்த கவர் எங்க?"

ஜெயராஜ் சின்னக் கிராணி. தபால் அனுப்புவது அவன் வேலை. "அனுப்பிட்டேன் அண்ணே. என்சிக் கையெழுத்துப் போட்டுட்டாரு, சீல் வச்சி வேன்ல ஏத்தியாச்சி."

"எந்தக் கவர்?"

"ரெண்டும்தான்."

"ரெண்டையுமோ? பிரிச்சுப் பார்க்கேல்லையா நீ?"

ஜெயராஜுக்குக் கோபம் வந்துவிட்டது. "என்னா அண்ணே இப்படிக் கேக்குறீங்க? செவப்புச் சீட்டு ஒட்டுனத கிராணி பிரிக்கக் கூடாது, என்னா ஏதுன்னு கேக்கக் கூடாது, சனிக்கிழமை பதினோரு மணிக்கு மேசையில இருக்கறத அப்படியே தூக்கிட்டுப் போவணும். செவுத்துல ஒட்டியிருக்குல்ல, பாருங்க. நீங்க எழுதுன சுற்றறிக்கைதானே லா!"

சுவரில் ஒட்டியிருந்தது. நான்கு வருஷப் பழசு. கீழே அம்பிகைபாகனின் கையெழுத்து, தெளிவாக, அடிக்கோட்டோடு.

என்சிக் இப்ராஹிமுக்கு அன்றைக்குச் சொந்தத்தில் கலியாண விருந்து. ஒன்பது கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பதினான்கு போட்டதை அவர் கவனிக்கவில்லை. பேனாவில் மை தீர்ந்ததை மட்டும் கவனித்து, மை ஊற்றச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

அடுத்த நாலு வாரம் அம்பிகைபாகன் சரியாகச் சாப்பிடவில்லை. அரசாங்கப் படிவத்தில் கார்ட்டூனுக்கு மதிப்பெண் போட்டவன் என்று விசாரணை வரும். பெரிய கிராணி வேலை போகும், சின்னக் கிராணி வேலை கூட மிஞ்சாது. ஐந்து மணிக்குப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தாலும், ராஜா முராகியைத் திட்டும்போது தன்னையே திட்டுவது போலிருந்தது.

ஜனவரிக் கடைசியில் தலைமையகத்திலிருந்து தபால் வந்தது. ஐந்து கடிதங்கள்.

ரென்ஜி என்ற ஊழியர், சேதமடைந்த கட்டடங்கள் குறித்துப் பதினான்கு நாளில் எழுத்துமூல விளக்கம் தர வேண்டும். எல்சி என்ற ஊழியர் மனநல ஆலோசகரைச் சந்திக்க வேண்டும். ஹயாதேயின் விடுமுறைக் கணக்கை உடனே சரிபார்க்க வேண்டும். கேப்டன் நிலுவையிலுள்ள கடிதங்களுக்கெல்லாம் இம்மாதத்துக்குள் பதிலளிக்க வேண்டும். ஐந்தாவது கடிதம் இப்படி இருந்தது: "தொண்ணூற்றெட்டு மதிப்பெண் பெற்ற முராகி, ஏப்ரல் முதல் தேதியிலிருந்து பினாங்குக் கிளையின் பெரிய கிராணியாக நியமிக்கப்படுகிறார். அவருக்கு எமது பாராட்டுக்கள். அடுத்த முறை தயவுசெய்து புதிய படிவத்தைப் பயன்படுத்தவும்."

அம்பிகைபாகன் அந்தக் கடிதத்தை மூன்று தடவை வாசித்தார். பதினொரு வருஷம் காத்திருந்த நாற்காலியில் தன் சொந்தக் கையாலேயே முராகியை உட்கார வைத்துவிட்டார்.

ரென்ஜியின் அறிக்கை நகலையும் திருப்பி அனுப்பியிருந்தார்கள். முப்பத்திரண்டு என்ற எண்ணைச் சுற்றி யாரோ பென்சிலால் வட்டம் போட்டு, பக்கத்தில் 'ஏன்?' என்று எழுதி, மூன்று கேள்விக்குறி இட்டிருந்தார்கள்.

"யாருண்ணே இந்த முராகி?" ஜெயராஜ் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான். "நம்ம ஆபீஸா? நா பாத்ததே இல்லியே!"

பொய் சொல்லத் தெரியாத மனிதருக்கு அவசரத்தில் வாயில் வந்தது அதுதான். "ஜப்பானுக்குக் கோர்ஸ் போயிருக்கிறார்."

கிழக்கே பாருங்கள், ஜப்பான்காரனிடம் வேலை கற்றுக்கொள்ளுங்கள் என்று அரசாங்கம் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. யார் யாரோ கோர்ஸுக்குப் போய்வந்தார்கள். ஜெயராஜ் உதட்டைப் பிதுக்கி மரியாதையோடு தலையாட்டினான். அரை மணி நேரத்தில் விஷயம் அலுவலகம் முழுக்கப் பரவி, என்சிக் இப்ராஹிம் அறைக்கும் போனது. தான் வாசிக்காமல் கையெழுத்துப் போட்டோம் என்று எந்தக் கிளைத் தலைவர் ஒப்புக்கொள்வார்? "முராகியா? தெரியுமே! நான்தானே அனுப்பினேன்" என்றார். சாயங்காலத்துக்குள் முராகியோடு சேர்ந்து தேத்தண்ணீர் குடித்தவர்கள் இரண்டு பேர் கிளம்பிவிட்டார்கள். அமைதியான ஆள், சீனி கம்மியாகப் போடச் சொல்வார் என்றார்கள்.

அம்பிகைபாகன் கடைசியில் கடிதம் எழுதினார். தெரிந்தது அது ஒன்றுதானே. "1. மேற்படி முராகி என்பவர் இல்லை. 2. அவர் ஒரு சித்திரம். 3. தவறு என்னுடையது." ஒரு வாரத்தில் பதில் வந்தது. நேரில் வந்து விளக்கமளிக்க வேண்டும். ரென்ஜி சம்பந்தப்பட்ட குறிப்புகளையும் கொண்டுவர வேண்டும். ஒப்பம்: சலேஹா, துணை இயக்குநர்.

பெர்ரி ஏறி, அக்கரையில் பஸ் பிடித்து, மாக் மண்டின் தொழிற்பேட்டைக்குப் பக்கத்திலிருந்த தலைமையகத்துக்குப் போனார். புறப்படும்போது செல்வநாயகி சட்டைக்குக் கஞ்சி போட்டுக் கொடுத்தாள். நேர்முகத் தேர்வு என்று அவளிடம் சொல்லியிருந்தார். உண்மையைச் சொல்லும் தைரியம் அவருக்கு வரவில்லை.

புவான் சலேஹா, அதாவது சலேஹா அம்மையார், ஐம்பது வயது மதிக்கத்தக்கவர். மேசையில் ஐந்து படிவங்களும் வரிசையாக இருந்தன. கதவைச் சாத்தச் சொன்னார். மலாயில்தான் பேசினார்.

"முராகி யாரென்று எனக்குத் தெரியும், என்சிக் அம்பிகை. பார்த்தவுடனே தெரிந்தது."

அம்பிகைபாகன் நோட்டுப் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டார். "எப்படி, புவான்?"

"ஐந்து மணிக்கு நானும் வீட்டில்தான் இருக்கிறேன்." ஒரு நிமிஷம் ஜன்னலைப் பார்த்தார். "பக்கத்து வீட்டுச் சீனத்தம்மாவிடம், செய்திக்காகப் பெட்டியைச் சூடேற்றுகிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன்."

"நான் மொழியறிவு விருத்தி என்று சொல்வேன், புவான்."

"அது நன்றாக இருக்கிறது" என்றார் சலேஹா. பிறகு முகம் இறுகிற்று. ரென்ஜியின் படிவத்தை எடுத்துத் தட்டினார். "ஆனால் இது என்ன? முப்பத்திரண்டு! முப்பது தடவை உலகத்தைக் காப்பாற்றியவனுக்கு!"

விசாரணை இதற்குத்தான் என்று அம்பிகைபாகன் எதிர்பார்க்கவில்லை. ஆனால் இதற்கு அவரிடம் பதில் இருந்தது. நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார்.

"முப்பது தடவையும் ஒரே வாளால்தான் காப்பாற்றினான், புவான். அந்த வாளை இருபதாவது நிமிஷத்தில்தான் எடுக்கிறான். இரண்டாவது நிமிஷத்திலேயே எடுத்திருந்தால் பாதி ஊர் மிஞ்சியிருக்கும். ஒரு தடவை மறந்தால் சரி. முப்பது தடவையா மறப்பது?"

"அவன் இளைஞன். உணர்ச்சிவசப்படுகிறான்."

"எட்டாவது வாரம் மேலதிகாரியின் கன்னத்தில் அறைந்தான். குறித்து வைத்திருக்கிறேன்."

"அந்த மேலதிகாரி கோழை!"

"இருக்கலாம். ஆனால் புகாரை எழுத்தில் கொடுத்திருக்க வேண்டும்."

புவான் சலேஹாவின் முகம் சிவந்தது. "உங்கள் முராகி மட்டும் என்ன கிழித்தான்? முப்பது திட்டம், முப்பதும் தோல்வி. அவனுக்குத் தொண்ணூற்றெட்டா?"

"திட்டம் தோற்கவில்லை, புவான். ராஜா வாசிக்கவில்லை. ஆறாவது வாரத்துத் திட்டத்தில் பின்பக்கமாகத் தாக்க வேண்டும் என்று தெளிவாக இருக்கிறது. சுருளைக் கிட்டே காட்டினார்கள். ராஜா முன்பக்கமாகப் போனான். மேலே இருப்பவர் வாசிக்காததற்குக் கீழே இருப்பவன் மதிப்பெண்ணைக் குறைப்பதா?"

சொன்ன பிறகுதான் தான் யாரிடம் என்ன சொல்கிறோம் என்பது உறைத்தது.

சலேஹா பெருமூச்சு விட்டார். "நேராகச் சொல்கிறேன். இவை என் மேசைக்கு வருமுன்பே இயக்குநர் நியமனத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார். கோலாலம்பூர்க் கூட்டத்தில், எங்கள் இலாகாவில் ஜப்பானிய முறை தெரிந்த ஒருவரைப் பெரிய கிராணியாக்கியிருக்கிறோம் என்று சொல்லிக் கைத்தட்டலும் வாங்கிவிட்டார். ஆனாலும் ஒரு வழி இருக்கிறது. இந்த ஐந்தும் புதியவர்களுக்குப் படிவம் நிரப்பப் பழக்குவதற்காக எழுதிய மாதிரிகள் என்று நான் குறிப்பு எழுதுகிறேன். நியமனம் ரத்தாகும். பட்டியலில் அடுத்த பெயர் எண்பத்தொன்று. உங்களுடையது." பேனாவை அவர் பக்கம் நகர்த்தினார். "ஆனால் மாதிரி என்றால் மாதிரியாக இருக்க வேண்டும். ரென்ஜிக்கு எண்பது போடுங்கள். என் கண்முன்னால் போடுங்கள்."

அம்பிகைபாகன் பேனாவை எடுத்தார். பதினெட்டு வருஷமாகப் போட்ட எண்பதுதான். கை அதற்குப் பழகியது. செல்வநாயகி, நல்லம்மா, ஈப்போச் சம்பந்தி எல்லாரும் பேனாவின் முனையில் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். முப்பத்திரண்டைக் கோடு போட்டு அடிக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு படத்துக்கு எண்பது போடுவதால் யாருக்கு என்ன நஷ்டம்?

பேனா படிவத்துக்கு மேலே, செவ்வாய்க்கிழமைப் பந்து மாதிரி, அப்படியே நின்றது.

பிறகு அவர் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டத் தொடங்கினார். பக்கம் பக்கமாகத் தேடினார். சலேஹா கடிகாரத்தைப் பார்த்தார்.

"பத்தொன்பதாம் வாரம்" என்றார் அம்பிகைபாகன். "சண்டை முடிந்து போகையில், தான் மிதித்த மீன்கடைக் கூரைக்காக ரென்ஜி கீழே இறங்கி வந்து கடைக்காரியிடம் மன்னிப்புக் கேட்டான். அதை நான் கணக்கில் எடுக்கவில்லை. என் தவறு." முப்பத்திரண்டை அடித்து முப்பத்துமூன்று என்று எழுதி, ஓரத்தில் சிறிய கையெழுத்து வைத்தார். பேனாவை மூடி, திரும்ப நகர்த்தினார். "அதற்கு மேல் ஒன்று கூட முடியாது, புவான்."

"பெரிய கிராணி நாற்காலி போகும்."

"தெரியும், புவான்."

சலேஹா முப்பத்துமூன்றை வெகு நேரம் பார்த்தார். "இந்தக் கட்டடத்தில் எல்லாரும் எண்பது" என்றார் கடைசியில், யாருக்கோ சொல்வது போல. "எனக்கும் எண்பதுதான். போய்வாருங்கள். ஐந்து மணிக்குள் வீடு சேரப் பெர்ரி பிடிக்க வேண்டும் அல்லவா?"

மார்ச் மாதக் கடைசியில் உத்தரவு வந்தது. முராகியின் நியமனம் ரத்தாகவில்லை. அவர் ஜப்பானில் சம்பளமில்லாக் கோர்ஸில் இருப்பதால், மறு உத்தரவு வரும்வரை அம்பிகைபாகன் அவருக்குப் பதிலாகப் பொறுப்பு வகிப்பார். எல்லாக் கடிதங்களிலும் 'பெரிய கிராணி முராகிக்காக' என்று கையெழுத்திடுவார். கோர்ஸ் ஜூன் மாதம் முடியும்.

வீட்டில் செல்வநாயகி வாசலிலேயே நின்றாள். "என்னப்பா, பெரிய கிராணி ஆகிட்டியளோ?"

"பதில் பெரிய கிராணி."

"ஆருக்குப் பதில்?"

சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. படிவம், காற்று, சிவப்புச் சீட்டு, எண்பது, முப்பத்துமூன்று எல்லாவற்றையும் எண் போட்டுச் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அந்த மேலங்கிக்காரனுக்குக் கீழயோ உங்களுக்கு வேலை?"

"ஓம்."

"எண்பது எண்டு எழுதியிருந்தா நாற்காலி உங்கட?"

"ஓம்."

"ஏனப்பா எழுதேல்லை?"

அம்பிகைபாகன் யோசித்தார். "அவனுக்கு முப்பத்துமூண்டுதான் வரும், செல்வம்."

அவள் கோபிப்பாள் என்று பார்த்தார். அவளோ சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். சிரித்து முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு காரியத்தில் இறங்கிவிட்டாள். "சரி, நல்லம்மா அக்காவிட்ட நான் சமாளிக்கிறன். ஜப்பான்காரன் ஒருத்தன் பெரிய கிராணி, இவரில்லாம அவனுக்கு ஒரு கையெழுத்தும் ஓடாது எண்டு சொல்லுறன். அது இன்னும் பெருமை."

அது நிஜமாகவே பெருமையாகத்தான் போயிற்று. கோயிலில் ஆட்கள் வந்து, ஜப்பான்காரன் கண்டிப்பானவனா என்று அம்பிகைபாகனிடம் விசாரித்தார்கள். நியாயமானவன், எதையும் எழுத்தில் கேட்பவன் என்று சொன்னார். அதில் பொய் ஏதுமில்லை. அலுவலகத்திலும் ஒரு மாற்றம் வந்தது. மேசையில் தலை வைத்துத் தூங்குகிறவனைத் தட்டி எழுப்ப என்சிக் இப்ராஹிமுக்கு ஒருநாளும் மனசு வந்ததில்லை. இப்போது, "முராகி வந்தால் என்ன சொல்வார்?" என்று கேட்டாலே போதும், அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

ஜூன் கடைசி வாரம் 'எஃகு மாவீரன்' முடிந்தது. ரென்ஜி இருபதாவது நிமிஷத்தில் வாளை எடுத்தான். வேற்றுக்கிரகத்துக் கோட்டை தீப்பிடித்தது. ராஜா முதல் ஆளாகப் பறந்து தப்பினான். எல்லாரும் ஓட, முராகி மட்டும் எதிர்த்திசையில் நடந்தான். புகைக்குள் போய், அலமாரியைத் திறந்து, ஐம்பத்திரண்டு சுருள்களையும் ஒவ்வொன்றாக எடுத்துக் கையில் அடுக்கிக்கொண்டிருந்தான். கூரை ஆடியது. அதற்குள் படத்தை மாற்றி, ரென்ஜியும் நண்பர்களும் கடற்கரையில் சிரிப்பதைக் காட்டி முடித்துவிட்டார்கள். முராகி வெளியே வந்தானா இல்லையா என்று யாரும் சொல்லவில்லை.

அம்பிகைபாகன் எழுந்து நின்றிருந்தார். தேத்தண்ணீர் ஆறிப்போயிருந்தது. செல்வநாயகி அதை எடுத்துக்கொண்டுபோய் வேறு தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

மறுநாள் காலையில் அவர் அலுவலகத்துக்குப் போய் முராகியின் கோப்பினை எடுத்தார். மேலிடத்துக்கு ஒரு கடிதம் அடித்தார். ஓரம் விட்டு, விஷயம் எழுதி, அடிக்கோடு போட்டு.

"1. மேற்படி அதிகாரியின் கோர்ஸ் நீட்டிக்கப்பட வேண்டியுள்ளது. 2. கோப்புகளைப் பத்திரப்படுத்தும் பணியில் அவர் இன்னும் ஈடுபட்டிருக்கிறார். 3. திரும்பும் தேதி தெரியவில்லை."

ஒரு தடவை வாசித்துப் பார்த்தார். பிறகு, பெரிய கிராணி முராகிக்காக, கையெழுத்துப் போட்டார்.